எண்ணெய் போலத் தெரியும் நஞ்சு: டிரைகிரெசில் பாஸ்பேட் பற்றி அறிந்துகொள்வோம்

வீட்டில் பெண்பிள்ளை பூப்பெய்திவிட்டால் முதலில் தேடுவது நல்லெண்ணெய். காலையில் வெறும் வயிற்றில் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது, உளுந்தங்களியில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கிண்டுவது எனப் பாட்டிமார் சொன்ன முறையை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல குடும்பங்கள் இன்றும் கைவிடவில்லை. இடுப்புக்குப் பலம் சேரும் என்பது நம்பிக்கை.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களிடமும் இதே வழக்கம் இருந்தது. 1977, 1978ஆம் ஆண்டுகளில் அங்கு வெவ்வேறு தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட பதின்ம வயதுத் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கைகால்கள் பலவீனமடைந்தன. காய்ச்சலோ அடியோ காரணமில்லை. மருத்துவர்கள் தேடிப் பார்த்தபோது, அவர்கள் உட்கொண்ட நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற தொழிற்சாலை இரசாயனம் கலந்திருப்பது தெரியவந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிச் சென்றதால் இது கலந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினர்.

இந்த ஆய்வை மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஜெயரத்தினம் பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, மலேசியா உட்பட ஆசிய நாடுகளின் விவசாயத் தொழிலாளர்களிடையே பூச்சிமருந்து நச்சுப் பாதிப்பை ஆராய்ந்தவர்.

அந்தப் பிள்ளைகள் எந்தத் தொழிற்சாலையிலும் வேலை செய்யவில்லை. இரசாயனம்தான் தோம்பு வழியாக அவர்கள் வீட்டுக்குள் வந்தது. ஆலையிலும் பட்டறையிலும் வேலை செய்வோர் மட்டுமன்றி, பழைய தோம்புகளை வாங்கி வீட்டில் வைத்திருப்போரும் இந்தப் பொருளைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இது என்ன பொருள்?

டிரைகிரெசில் பாஸ்பேட், சுருக்கமாக டிசிபி, கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்களில் ஒன்று. செம்பனைத் தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் தெளிக்கப்படும் பல பூச்சிமருந்துகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஆனால் டிசிபி பூச்சியைக் கொல்வதற்காகச் செய்யப்பட்டது அன்று. கிரெசால் என்ற பொருளையும் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடையும் வினைபுரியச் செய்து, இயந்திரங்களுக்கும் பிளாஸ்டிக் தொழிலுக்கும் என்றே இதைத் தயாரிக்கிறார்கள்.

பார்வைக்கு இது நிறமற்றதாக அல்லது வெளிர்மஞ்சளாக, பிசுபிசுப்பான எண்ணெயைப் போல இருக்கும். வாசனை ஏறக்குறைய கிடையாது. தண்ணீரில் கரையாது. சமையல் எண்ணெயில் நன்றாகக் கலந்துவிடும். கலந்த பின் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. கெட்டுப்போன எண்ணெயைச் சிக்கல் வாடையை வைத்து ஒதுக்கிவிடலாம். இதற்கு அந்த வழி இல்லை.

எளிதில் தீப்பிடிக்காது என்பது இதன் இன்னொரு குணம். இதன் ஆவி பற்றிக்கொள்ள 200 பாகை செல்சியஸுக்கும் அதிகமான வெப்பம் வேண்டும். சட்டியில் காய்ச்சுவதாலோ பொரிப்பதாலோ இந்த நஞ்சு போய்விடாது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

எங்கே பயன்படுகிறது?

பிவிசி பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கும்படி மென்மையாக்க இது சேர்க்கப்படுகிறது. மின்கம்பி உறை, செயற்கைத் தோல், சரக்குகளை நகர்த்தும் பட்டைகள் போன்றவற்றில் தீ எளிதில் பரவாமல் தடுக்கவும் பயன்படுகிறது. சாயம், பூச்சு, பசை வகைகளிலும் இடம்பெறுவதுண்டு.

விமானங்களின் ஜெட் இயந்திர எண்ணெய் இதன் முக்கியமான பயன்பாடு. உலோகம் உலோகத்தோடு உராய்ந்து தேயாமல் இருக்க, அந்த எண்ணெயில் ஏறத்தாழ 3 விழுக்காடு டிசிபி சேர்ப்பது நெடுநாள் வழக்கம். சுபாங்கிலும் சிலேத்தாரிலும் சாங்கியிலும் விமானப் பராமரிப்பு வேலை செய்வோருக்கு இந்த எண்ணெய் அன்றாடம் கையாளும் பொருள். அதிக வெப்பத்தில் இயங்கும் ஆலைகளில் தீப்பிடிக்காத ஹைட்ராலிக் எண்ணெயாகவும் இவ்வகைப் பாஸ்பேட்டுகள் பயன்படுகின்றன.

பட்டறையில் 'மின்யாக் ஹீத்தாம்' என்று சொல்லும் எல்லா எண்ணெயிலும் டிசிபி இருக்கிறது என்று எண்ண வேண்டாம். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்பதை எண்ணெயைப் பார்த்துச் சொல்ல முடியாது. வில்லையையும் தரவுத் தாளையும் பார்த்தால் மட்டுமே தெரியும்.

வீட்டிலுள்ள மின்கம்பியையோ பிளாஸ்டிக் பொருளையோ தொடுவதால் கால் முடங்கிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். திரவமாக உள்ளே போவது, தோலில் திரும்பத் திரும்பப் படுவது, சூடாகித் துளிப்புகையாக மூச்சில் கலப்பது ஆகிய மூன்று வழிகளில்தான் கவனம் தேவை.

ஆர்த்தோ என்ற ஒரு சொல்

டிசிபி தனி ஒரு பொருளன்று, ஒரு கலவை. அதில் உள்ள கிரெசால் பகுதி ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று மூன்று விதமாக அமையலாம். ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கிரெசால் பகுதிகள் இருப்பதால் மொத்தம் 10 வகைச் சேர்க்கைகள் உருவாகலாம். இவற்றுள் ஆர்த்தோ பகுதி உள்ளவையே நரம்பைத் தாக்குகின்றன. மூன்றும் ஆர்த்தோவாக உள்ள டிரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட்தான் பழைய நச்சுச் சம்பவங்கள் பலவற்றிலும் பேசப்பட்ட பொருள்.

ஆபத்து தெரிந்த பிறகு, தயாரிப்பாளர்கள் ஆர்த்தோவின் அளவைப் பெரிதும் குறைத்துவிட்டார்கள். இன்று சந்தையில் உள்ள டிசிபி, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய டிசிபியைவிடப் பாதுகாப்பானது. அதற்காக அலட்சியமாகக் கையாளலாம் என்று பொருளில்லை. கலவையாக விற்கப்படும் டிசிபியே விலங்குகளின் அட்ரினல் சுரப்பியையும் இனப்பெருக்க உறுப்புகளையும் பாதித்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. நீர்வாழ் உயிரினங்களுக்கும் இது மிகுந்த கேடு விளைவிக்கும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

பூச்சிமருந்தைத் தவறுதலாக உட்கொண்டவருக்குச் சில மணி நேரத்திற்குள் எச்சில் வடியும், வியர்க்கும், கண்பாவை சுருங்கும், மூச்சுத் திணறும். நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி கடத்தும் முறையை அந்த மருந்து குலைப்பதால் இப்படி நிகழ்கிறது. ஆபத்து உடனே கண்ணுக்குத் தெரிவதால் மருத்துவமனைக்கு ஓடுகிறோம்.

ஆர்த்தோ டிசிபி வேறு விதமாக வேலை செய்கிறது. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. நஞ்சை முறிக்க வேண்டிய கல்லீரலே இங்கே அதை இன்னும் கொடிய நஞ்சாக்கிவிடுகிறது. அந்தப் புதிய பொருள், நரம்பு செல்களில் உள்ள ஒரு நொதியைப் பிடித்து முடக்குகிறது. அதன்பின் நரம்பிழைகள் நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிதையத் தொடங்குகின்றன.

முதலில் சிதைபவை உடலின் மிக நீண்ட நரம்பிழைகள். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஓடுபவை அவை. அதனால்தான் பாதிப்பு முதலில் கெண்டைக்காலிலும் பாதத்திலும் தெரிகிறது. பிறகு கைக்கு வருகிறது.

பாதிப்பு வரும் வரிசை

முதல் கட்டம்: உட்கொண்ட சில மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படலாம். ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். சிலருக்கு இதுவும் இருக்காது. 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

இரண்டாம் கட்டம்: ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வாரம் வரை எந்தத் தொல்லையும் இருக்காது. இந்த இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. மூன்று வாரத்திற்கு முன் சாப்பிட்டதையோ கையில் பட்ட எண்ணெயையோ யார் நினைவில் வைத்திருப்பார்? சமையல் எண்ணெயில் கலந்திருந்தால், அதே எண்ணெயைக் குடும்பமே தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும்.

மூன்றாம் கட்டம்: கெண்டைக்காலில் பிடிப்பும் வலியும் வரும். பாதத்தில் ஊசி குத்துவது போல இருக்கும், மரத்துப்போகும். சில நாளில் பாதத்தைத் தூக்க முடியாமல் முன்பாதம் தொங்கும். நடக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டியிருக்கும். பிறகு கைவிரல்களும் மணிக்கட்டும் பலமிழக்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது, கரண்டியைப் பிடிக்க முடியாது.

நான்காம் கட்டம்: மாதங்கள் செல்லச் செல்லப் பலருக்கு ஓரளவு பலம் திரும்பும். கை முதலில் தேறும், கால் பின்தங்கும். முதுகுத்தண்டு நரம்புகளும் சிதைந்திருந்தால், தளர்ந்த கால்கள் பின்னர் விறைப்பாகிவிடும். அந்த விறைப்பு வாழ்நாள் முழுவதும் இருக்கக்கூடும்.

இந்த நரம்புச் சிதைவுக்கு முறிமருந்து இல்லை. பூச்சிமருந்து நஞ்சுக்குக் கொடுக்கும் அட்ரோபின் போன்ற மருந்துகள் இந்தச் சிதைவைத் தடுப்பதில்லை. மூட்டுகள் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் இயன்முறைப் பயிற்சியும், பாதத்தைத் தாங்கும் கருவிகளும், பொறுமையும்தான் சிகிச்சை. வருமுன் காப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது இந்தப் பொருளுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

மீண்டும் மீண்டும் அதே பிழை

இலங்கையில் நடந்தது முதல் சம்பவமும் அன்று, கடைசிச் சம்பவமும் அன்று.

1930, அமெரிக்கா: மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம். இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்கப்பட்ட, சாராயம் மிகுந்த மருந்தை ஏழைகள் வாங்கிக் குடித்தனர். அரசாங்கச் சோதனையை ஏமாற்ற, அதில் டிசிபியைக் கலந்தார்கள். பல்லாயிரம் பேர் கால் முடங்கினர். அவர்களது நடைக்கே ஊரில் ஒரு பெயர் ஏற்பட்டது. அரசாங்க ஆய்வாளர்களான ஸ்மித்தும் எல்வோவும்தான் காரணம் ஆர்த்தோ டிசிபி என்று கண்டறிந்தனர். 47 ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்களைப் பரிசோதித்தபோதும் கால் விறைப்பு மறையாமல் இருந்தது.

1937, தென்னாப்பிரிக்காவின் டர்பன்: முன்பு மசகு எண்ணெய் இருந்த தோம்புகளில் சமையல் எண்ணெயை நிரப்பினார்கள். சுமார் 60 பேர் பாதிக்கப்பட்டனர்.

1940, சுவிட்சர்லாந்து: ராணுவச் சமையலில் இயந்திரத் துப்பாக்கிக்கான எண்ணெய் தவறுதலாகப் பயன்படுத்தப்பட்டது. சுமார் 80 வீரர்கள் நடக்க முடியாமல் போயினர்.

1959, மொரோக்கோ: அமெரிக்க விமானத் தளத்தில் மிஞ்சிப்போய் விற்கப்பட்ட ஜெட் இயந்திர எண்ணெயை, வியாபாரிகள் சமையல் எண்ணெயில் கலந்து விற்றனர். மெக்னெஸ் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டனர். செஞ்சிலுவைச் சங்கங்கள் பல நாடுகளிலிருந்து மருத்துவர்களையும் இயன்முறைச் சிகிச்சையாளர்களையும் அனுப்ப வேண்டியிருந்தது.

1988, கல்கத்தாவின் பெஹாலா: கலப்படச் சமையல் எண்ணெயால் நூற்றுக்கணக்கானோர் கைகால் பலமிழந்தனர். அங்கும் டிசிபிதான்.

இவற்றில் சில, பேராசையால் செய்த கலப்படம். சில, தோம்பை மாற்றிப் பயன்படுத்திய கவனக்குறைவு. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மலிவான எண்ணெயைத் தேடிய எளிய மக்கள்.

வில்லையைப் படிப்பது எப்படி?

மலேசியாவில் 2013ஆம் ஆண்டின் இரசாயன வகைப்படுத்தல், வில்லையிடல் விதிமுறைகளின்படி, வேலையிடத்துக்கு விநியோகிக்கப்படும் ஆபத்தான இரசாயனத்தின் கலனில் மலாயிலும் ஆங்கிலத்திலும் வில்லை இருக்க வேண்டும். தமிழிலோ வங்காளத்திலோ இருக்காது. ஆகையால் எழுத்து தெரியாதவரும் படங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. படங்கள் சிவப்புக் கட்டமிட்ட சாய்சதுரத்துக்குள் இருக்கும்.

மனித உருவின் மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற படம்: உறுப்புகளையோ இனப்பெருக்கத் திறனையோ காலப்போக்கில் பாதிக்கக்கூடிய பொருள். இன்று ஒன்றும் செய்யவில்லை என்பதால் நாளையும் செய்யாது என்று பொருளில்லை.

மண்டையோடும் எலும்பும்: சிறிய அளவே உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் பொருள்.

வாடிய மரமும் செத்த மீனும்: கால்வாயில் கொட்டக்கூடாத பொருள்.

ஆர்த்தோ 3 விழுக்காட்டுக்கு மேல் உள்ள டிசிபியை ஏற்றிச் செல்லும்போது, ஐக்கிய நாட்டு நிறுவன எண் 2574 குறிக்கப்பட வேண்டும். நச்சுப் பொருள்களுக்கான 6.1 என்ற வகுப்பில் அது வரும். லாரி ஓட்டுநர்களும் கிடங்குத் தொழிலாளர்களும் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

படங்கள் இல்லை என்பதால் மட்டும் ஒரு தோம்பு பாதுகாப்பானது என்று முடிவு செய்யக்கூடாது. வில்லை கிழிந்த, அழிந்த, பெயின்ட் பூசி மறைத்த தோம்பில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால், அதில் நஞ்சு இருந்ததாகவே கருதி விலக்கி வைக்க வேண்டும்.

வேலையிடத்தில் கையாளும் முறை

முதல் வேலை, பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மேற்பார்வையாளரிடம் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டாம். அந்தத் தாளில் ஆர்த்தோவின் அளவு, எந்தக் கையுறை, என்ன முதலுதவி என்பவை இருக்கும்.

கையுறை: ஆர்த்தோ டிசிபி தோல் வழியாக உடலுக்குள் புகும், உள்ளங்கையின் தடித்த தோலும் அதைத் தடுத்துவிடாது. துணிக் கையுறை எண்ணெயை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும் என்பதால் வெறுங்கையைவிடவும் மோசம். டிசிபி பிவிசியை மென்மையாக்கும் பொருள் என்பதால் பிவிசி கையுறையையும் நம்ப முடியாது. தரவுத் தாள் சொல்லும் வகையையே அணிய வேண்டும். கிழிந்தாலோ உள்ளே ஈரம் தெரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும்.

காற்றோட்டம்: அறை வெப்பத்தில் டிசிபி அதிகம் ஆவியாகாது. சூடாக்கும்போதும், தெளிக்கும்போதும், அழுத்தக் குழாய் கசியும்போதும் துளிப்புகை எழும். அங்கே உறிஞ்சு விசிறியும் ஏற்ற சுவாசக் கவசமும் தேவை. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு ஆர்த்தோ டிசிபியின் சட்டபூர்வ உச்சவரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம். எவ்வளவு குறைவான அளவுக்கே கட்டுப்பாடு இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

சாப்பாடு: வேலை செய்யும் இடத்தில் சாப்பிடுவதும், தண்ணீர் குடிப்பதும், புகைப்பதும் கூடாது. உணவுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மண்ணெண்ணெயாலோ தின்னராலோ கையைத் துடைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அவை தோலின் இயற்கைப் பாதுகாப்பைக் கெடுத்துவிடும்.

உடை: எண்ணெய் படிந்த வேலையுடையை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. வேலையிடத்திலேயே மாற்றி, தனியாகத் துவைக்க ஏற்பாடு இருக்க வேண்டும்.

சிந்தினால்: மணலையோ உறிஞ்சும் தூளையோ போட்டுக் கூட்டி, மூடியுள்ள கலனில் சேர்க்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சிக் கால்வாயில் தள்ளக்கூடாது.

தீப்பிடித்தால்: எளிதில் எரியாது என்றாலும், பெருந்தீயில் சிக்கினால் பாஸ்பரஸ் கலந்த நச்சுப்புகை எழும். பயிற்சி பெறாதவர்கள் விலகி, காற்று வரும் பக்கமாக நின்று தீயணைப்புப் படையை அழைப்பதே சரி.

வேறு கலனில் ஊற்றக்கூடாது: மினரல் வாட்டர் போத்தலிலோ சமையல் எண்ணெய்ப் போத்தலிலோ சிறிதளவு ஊற்றி வைக்கும் பழக்கம் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. இன்று ஊற்றியவருக்குத் தெரியும்; நாளை அதை எடுப்பவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரும் தோம்புகள்

மழைநீர் பிடிக்க, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க, தோட்டத்துக்கு உரம் கரைக்க, திருவிழாவில் அன்னதானத்துக்குத் தண்ணீர் சேர்த்து வைக்க எனப் பழைய தோம்புகளை நாம் பயன்படுத்தாத இடமில்லை. நீலப் பிளாஸ்டிக் தோம்பு விலை மலிவு, உறுதியானது. பழைய சாமான் கடையில் 'நன்றாகக் கழுவியாச்சு' என்று சொல்லித் தருவார்கள்.

டிசிபி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள இரசாயனம் தண்ணீரில் கரையாது என்பதை மறந்துவிடக்கூடாது. தண்ணீர் ஊற்றி அலசினால் சுவரிலும் அடிவிளிம்பிலும் மூடியின் வளையத்திலும் படலமாகத் தங்கிவிடும். பிளாஸ்டிக்குக்குள்ளும் ஊறியிருக்கும். பிறகு அதில் சமையல் எண்ணெயை ஊற்றினால், தண்ணீரால் கரைக்க முடியாததை எண்ணெய் கரைத்தெடுக்கும். டர்பனில் நிகழ்ந்ததற்கும் இலங்கைத் தோட்டங்களில் நிகழ்ந்ததாகக் கருதப்படுவதற்கும் அடிப்படை இதுதான்.

எனவே குடிநீருக்கும் உணவுக்கும் எண்ணெய்க்கும் கால்நடைகளுக்கும் உணவுத் தரமுள்ள புதிய கலனையே பயன்படுத்த வேண்டும். ஆலயங்களிலும் சமூக மண்டபங்களிலும் பெரிய அளவில் சமைப்போர், தோம்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுப்பை மூட்டலாம். வில்லையில்லாத போத்தலில் அளந்து விற்கப்படும் எண்ணெயை, விற்பவர் தெரிந்தவராக இருந்தாலும் வாங்காமலிருப்பது நல்லது.

தொழிற்சாலைகளுக்கும் பொறுப்பு உண்டு. மலேசியாவில் இரசாயனமோ கனிம எண்ணெயோ படிந்த காலிக் கலன்கள், 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்கீழ் எஸ்டபிள்யூ 409 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. உரிமம் பெற்ற நிறுவனத்திடம்தான் அவற்றை ஒப்படைக்க வேண்டும். வேலையாட்களுக்கு இலவசமாகக் கொடுப்பதும், வாயிற்கதவுக்கு வெளியே வைத்துவிடுவதும் தவறு. சிங்கப்பூரிலும் நச்சுத் தொழிற்கழிவுகளை உரிமம் பெற்றவர்களே எடுத்துச் செல்லலாம்.

உடலில் பட்டாலோ உட்கொண்டாலோ

தோலில் பட்டால் நனைந்த உடையை உடனே கழற்றி, சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்கு கழுவ வேண்டும். கண்ணில் பட்டால், கண்ணைத் திறந்தபடி 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நாமாக வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. பாலோ எண்ணெயோ மோரோ கொடுக்கக்கூடாது.

மருத்துவரிடம் இரசாயனத்தின் பெயரைச் சொல்வது மிக முக்கியம். வில்லையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போகலாம். உணவில் கலந்ததாகச் சந்தேகம் இருந்தால், மிச்ச எண்ணெயைக் கொட்டிவிடாமல் மூடி, 'தொடாதே' என்று எழுதி வைத்திருந்து அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். தொடக்க நாள்களில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியின் அளவு குறைந்திருப்பது தெரியலாம். நாளாகிவிட்டால் அது இயல்புக்குத் திரும்பிவிடும்; அப்போது பழைய பாதிப்பைக் கண்டுபிடிப்பது கடினம்.

முதல் நாள் வாந்தி நின்றுவிட்டது என்பதோடு முடித்துக்கொள்ளாமல், அடுத்த நான்கு வாரங்களுக்குக் கெண்டைக்கால் பிடிப்பு, பாதம் மரத்தல், நடையில் மாற்றம் ஏதும் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வந்தால் மீண்டும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரே வீட்டில் அல்லது ஒரே வேலையிடத்தில் இருவருக்கு மேல் இப்படி வந்தால், அது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு.

மலேசியாவில் அவசர உதவிக்கு 999. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையத்தின் எண் 1-800-88-8099. சிங்கப்பூரில் அவசர மருத்துவ உதவிக்கு 995.

தொழிலாளியின் உரிமை

மலேசியாவில் 2000ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, ஆபத்தான இரசாயனத்தைப் பயன்படுத்தும் முதலாளி அதனால் உடல்நலத்துக்கு வரக்கூடிய ஆபத்தை மதிப்பீடு செய்ய வேண்டும். தொழிலாளர்களுக்குத் தகவலும் பயிற்சியும் அளிக்க வேண்டும். திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதினால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையை அது தொழிலாளிக்கு வழங்குகிறது.

வேலையால் வரும் நச்சுப் பாதிப்பு, டோஷ் எனப்படும் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கப்பட வேண்டியது. தொழில்சார் நோய்க்குச் சொக்சோவிடம் இழப்பீடு கோரலாம். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. சிங்கப்பூரில் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் உரிமை கோரலாம். புகார்களை மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கலாம்.

இங்கேயும் அந்த மூன்று வார இடைவெளி குறுக்கே வருகிறது. எந்த நாளில், எந்த இயந்திரத்தில், எந்த எண்ணெய் உடலில் பட்டது என்று எழுதி வைக்காவிட்டால், பின்னர் காலில் வந்த பலவீனத்துக்கும் வேலைக்கும் தொடர்பைக் காட்டுவது கடினம். சிறிய கசிவாக இருந்தாலும் மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உங்கள் கைப்பேசியிலும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலைதான். பின்னாளில் அதுவே சான்றாகும்.

பூப்பெய்திய பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கத்தில் குற்றமில்லை. இலங்கைத் தோட்டத்துத் தாய்மார் தங்கள் மகள் பலமாக இருக்க வேண்டும் என்றுதான் அதை ஊற்றிக் கொடுத்தார்கள். எண்ணெய் எந்தக் கலனில் வந்தது என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. நம் வீட்டுக் கொல்லையிலோ வேலையிடத்திலோ வில்லையில்லாத ஒரு தோம்பு இருந்தால், இன்றே அதைப் பற்றி விசாரியுங்கள். பதில் கிடைக்காவிட்டால், உணவுக்கும் தண்ணீருக்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.